எப்படிச் சத்தம் வருது?

போன வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார்வளாகத்தைத் தாண்டுவதற்குள் என் கார் நின்றுவிட்டது. பானெட்டைத் தூக்கியதுதான் தாமதம், கூட்டம் சேர்ந்துவிட்டது. டீ கிளாஸோடு ஒருவர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர், பால்கோவாக் கடையிலிருந்து கையில் துடுப்போடு ஒருவர். அடுப்பில் பால் இருக்கும்போது கிண்டுகிறவர் நகரக்கூடாது. அடிப்பிடித்தால் சட்டி முழுக்கப் போச்சு. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. அதை அப்படியே விட்டுவிட்டு ஒரு மனிதர் என் என்ஜினைப் பார்க்க ஓடி வருகிறார் என்றால், நாம் எப்பேர்ப்பட்ட ஜனம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

“எப்படி அண்ணாச்சி சத்தம் வருது?” என்றார் துடுப்புக்காரர்.

சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

“புது என்ஜினா? அப்படித்தான் இருக்கும். ஓட ஓட செட்டாயிரும்.”

இதை என்ஜின் விற்றவர் சொன்னார், மாட்டியவர் சொன்னார், பெட்ரோல் பங்க் பையன் சொன்னான், என் மைத்துனர் தினமும் சொல்கிறார். ஓடாத வண்டியைப் பார்த்து ‘ஓட ஓட’ என்று சொல்ல இவர்களுக்கு எப்படி மனசு வருகிறது?

கார் இரண்டு கதவு, இரண்டு சீட், சிவப்பு. எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். இந்தக் கதையில் அவர்கள் பாவம், ஒன்றும் செய்யவில்லை. ஐம்பதைத் தாண்டிய ராஜபாளையத்துக்காரனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று கேட்காத ஆள் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒருவர்கூட மிச்சமில்லை. நீங்களும் கேட்காதீர்கள். வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் நாலு விரல் இடைவெளி. வேகத்தடையில் கோணலாகத்தான் ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் பின்னால் நிற்கும் மினி பஸ் டிரைவர் என் குடும்பத்தையே இழுத்து விசாரிப்பார். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது இந்த மாற்று என்ஜின்தான்.

வண்டியோடு வந்த என்ஜின் சீஸாகிவிட்டது. கம்பெனியில் புது என்ஜினுக்குச் சொன்ன விலையில் இன்னொரு காரே வாங்கலாம். ஆகவே ஜப்பான் என்ஜின். அங்கே ஓடுகிற கார்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை உண்டு; அந்தச் செலவுக்குப் பயந்தே பலர் நல்ல வண்டியைக் கழித்துவிடுகிறார்கள். அதிலிருந்து எடுத்த என்ஜின்கள் உலகம் பூராவும் போகின்றன, நிறையப் பேருக்கு நன்றாகவே அமைந்தும் இருக்கின்றன. எனக்கு விற்றவர் ஒரு பெரிய நகரத்தில் இருக்கிறார். ஊர் வேண்டாம், பேர் வேண்டாம். “ஜப்பான்காரன் காய்கறி வாங்கக்கூட இதை எடுத்துட்டுப் போனதில்ல சார்” என்று சத்தியம் செய்தார்.

மாற்று என்ஜின் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்களைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் சத்தத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை.

என்ஜின் மாட்டிய வாரமே விற்றவருக்குப் போன் செய்தேன். “சத்தம் வருது” என்றேன்.

“எப்படி சார் வருது? போட்டுக் காட்டுங்க.”

நான் அப்போது பேங்க்கில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மெதுவாக, “டொக் டொக்” என்றேன்.

“டொக்கா, டக்கா?”

“டொக்.”

“டக்குன்னா டேப்பெட். பயப்பட வேணாம். டொக்குன்னா கொஞ்சம் பாக்கணும். ஆக்சிலரேட்டர் கொடுத்தா?”

“டொடொடொடொக்.”

“காலை எடுத்தா?”

“டொட... டொட்ட... டொ.”

“அந்தக் கடைசி ‘டொ’ இருக்கு பாருங்க, அதை இன்னொருக்க போடுங்க.”

போட்டேன். காசாளர் எண்ணிக்கொண்டிருந்த கட்டை முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

“காலையில ஸ்டார்ட் பண்ணும்போது வருதா, சூடானப்புறமா?” ரெண்டுக்கும் தனித்தனியாகப் போட்டுக் காட்டினேன். காலைச் சத்தத்தில் கொஞ்சம் கரகரப்பு உண்டு; அதற்கு நான் தொண்டையைச் செரும வேண்டியிருந்தது. செருமலையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொண்டு, “அது ஃப்யூல் பம்ப் சார்” என்றார் அவர்.

சத்தத்தைப் பதிவு செய்தே அனுப்பினேன். கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். “போன் மைக்குல பேஸ் வராது சார். நீங்க வாயாலயே போடுங்க. நீங்க நல்லாப் போடறீங்க.”

அன்றிலிருந்து என் பிழைப்பு இதுதான். மெக்கானிக்கிடம் போனால், நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜினில் வைத்துக் கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை, தப்பே சொல்ல முடியாத முறை. முழுக்கக் கேட்டுவிட்டு நிமிர்ந்து, “நீங்க ஒருக்க போடுங்க அண்ணாச்சி, ஒத்துப்போகுதான்னு பாப்போம்” என்பார். கண்ணெதிரே என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது! மைத்துனர் ஸ்பின்னிங் மில்லில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து ரிங் ஃபிரேம் ஓடும்போது எந்த ஃபிரேமில் எந்தப் பக்கம் கோளாறு என்று கேண்டீனில் உட்கார்ந்தபடி சொல்லுவாராம். அவர் கேட்டுவிட்டு, “இது என்ஜினே இல்ல, மாப்பிள. பெல்ட் லூஸு” என்றார். பெல்ட் மாற்றினோம். சத்தம் அப்படியே இருந்தது. பெல்ட் பழைய சத்தத்தை மறைத்துக்கொண்டிருந்ததால் இப்போது இன்னும் தெளிவாகக் கேட்டது.

என் மனைவி ஒருநாள் போனைப் பிடுங்கித் தானே போட்டாள். என்னைவிட நன்றாகவே வந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். அவளுக்குப் பாட்டுப் பயிற்சி உண்டு. விற்றவர் அசந்துபோய், “மேடம் போட்டது கரெக்டா இருக்கு. சார் இத்தனை நாளா தப்பாப் போட்டிருக்கார், அதான் எங்களால கண்டுபிடிக்க முடியல” என்று பழியை என் தொண்டையின் மேல் போட்டார். பக்கத்து வீட்டுப் பையன் என் குரலில் வந்த டொடொடொடொக்கை ரிங்டோனாக வைத்திருக்கிறான். எங்கள் நாய் வெள்ளை ராஜபாளையம். அந்த இனத்தில் சில பிறவியிலேயே காது கேட்காதவை. எங்களுடையது அதில் ஒன்று. வீட்டில் இப்போது நிம்மதியாகத் தூங்குகிற ஒரே ஜீவன் அதுதான்.

செட்டாவது என்று ஒன்று இல்லாமலில்லை. புதிதாகப் போட்ட பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று தேய்ந்து படிய வேண்டும். அதற்காகத்தான் அந்தக் காலத்தில் புது வண்டியை முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாக ஓட்டச் சொன்னார்கள். ஆனால் கனெக்டிங் ராடு பேரிங் அந்த ஜாதியில்லை. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் இடைவெளி. அதில் ஆயில் படலமாக நின்று இரண்டையும் தொடவிடாமல் வைத்திருக்கிறது. ஒருமுறை ஆயில் பற்றாமல் போய் பேரிங் உரசிவிட்டால் இடைவெளி அகலும். அகன்றால் ஆயில் அழுத்தம் குறையும். குறைந்தால் இன்னும் உரசும். ஓட ஓட இது எதிர்ப்பக்கமாகத்தான் போகும். டிப் ஸ்டிக்கை உருவி ஆயிலை விரலில் தேய்த்து வெயிலில் காட்டினேன். ஜிகினா. நாடகக்காரர் கன்னத்தில் பூசிக்கொள்கிற அளவுக்கு மினுமினுப்பு.

“புது என்ஜின் பளபளப்பு அண்ணாச்சி அது” என்றார் மெக்கானிக்.

வியாழக்கிழமை என்னை வீட்டுக்கு இழுத்து வந்தது ஒரு டிராக்டர். ராஜபாளையம் வரை ரோடு முழுக்க ஜனங்கள் நின்று பார்த்தார்கள். சிரித்தவர்களுக்காக ஒன்று சொல்லிவைக்கிறேன். 1940களில் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் கம்பெனி ஒரு நாலு சிலிண்டர் என்ஜின் செய்தது. பெர்குசன் டிராக்டரில் போனதும் அந்தக் குடும்பம்தான், டிரையம்ப் டிஆர்2 என்கிற ஸ்போர்ட்ஸ் காரில் போனதும் அந்தக் குடும்பம்தான். அந்த டிஆர்2, 1953இல் பெல்ஜியத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரை எட்டிக் காட்டியது. டிராக்டரின் ஒன்றுவிட்ட தம்பி அப்படி ஓடியிருக்கிறான். ஸ்போர்ட்ஸ் காருக்கென்றே பிறந்த என் ஜப்பான் என்ஜின் மடவார்வளாகத்தைத் தாண்டவில்லை.

அந்தக் குடும்பத்துக்கும் நமக்கும் பிறகு ஒரு சம்பந்தம் ஏற்பட்டது. 1976இல் வந்த ரோவர் எஸ்டி1 பார்க்கவே ஃபெராரி ஜாடை. மூன்றரை லிட்டர், எட்டு சிலிண்டர், 155 குதிரைசக்தி. அடுத்த வருஷமே ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பட்டம். அந்த உடம்பை நம் சென்னை ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் வாங்கி வந்து, 1985இல் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்று இறக்கியது. உடம்பு சரி. உள்ளே எட்டு சிலிண்டரைக் கழற்றிவிட்டு, அந்தப் பழைய நாலு சிலிண்டரை வைத்தார்கள். சக்தி ஏறக்குறையப் பாதி. நம் ரோட்டுக்கு வேண்டுமென்று வண்டியைத் தூக்கியும் விட்டார்கள். 1988இல் கதை முடிந்தது. பெட்ரோல் குடித்தது, போகவில்லை, விலை அதிகம் என்று ஆயிரம் குறை சொன்னார்கள் அன்றைக்கு. நானும் சொன்னவன்தான். இருந்தாலும் அதை வாங்கியவர்கள் என்ஜின் ஓடாமல் சத்தம் போட்டுக் காட்டிக்கொண்டு திரிந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மறுபக்கம் போர்ஷேயைப் பாருங்கள். 2014இல் அவர்களுடைய 911 ஜிடி3 கார்கள் இரண்டு தீப்பிடித்தன. கனெக்டிங் ராடு போல்ட் தளர்ந்து என்ஜினை உடைத்திருக்கிறது. உடனே வண்டியை எடுக்காதீர்கள் என்று சொல்லி, அந்த வருஷ மாடலில் உலகம் முழுக்க இருந்த 785 கார்களுக்கும் புது என்ஜினையே மாற்றிக் கொடுத்தார்கள். எழுநூற்று எண்பத்தைந்து! ஜெர்மனிக்காரன் ஒருவன்கூட ஓட ஓட செட்டாயிரும் என்று சொல்லவில்லை. ஒருவேளை அந்தப் பாஷையில் அதற்கு வழியில்லையோ என்னவோ.

சரி, மூன்று விஷயங்கள். முதலாவது, பில். என் பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று ரப்பர் ஸ்டாம்ப். மளிகைக் கடை முதல் நகைக்கடை வரை எல்லா பில்லிலும் இருப்பதால் இது ஏதோ அரசாங்க உத்தரவு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நேர்மாறு. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள்ளும், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்ப எடுத்துப் பணம் கொடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. இதை விற்றவருக்கு வாசித்துக் காட்டினேன். “முப்பது நாள் முடிஞ்சுருச்சே சார்” என்றார். அந்த முப்பது நாளும் யாருக்கு டொக் டொக் என்று கத்திக்கொண்டிருந்தேன் என்பதை அவர் மறந்துவிட்டார்.

மறுநாள் பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கே திரும்பப் போனேன். ஜில்லாவுக்குப் பெயர் விருதுநகர் என்றாலும், கோர்ட்டும் நுகர்வோர் ஆணையமும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். இந்த ஒரு வசதியை மட்டும் குறை சொல்லமாட்டேன். இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும், கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமலே நாமே வாதாடலாம். எனக்கு வாதாடத் தெம்பில்லை, தொண்டை போய்விட்டது. ஆகவே வக்கீல்.

அவர் நல்ல மனிதர். மனுவைச் சொல்லச் சொல்ல ஜூனியர் பெண் டைப் அடித்தார். பில் தேதி, தொகை, என்ஜின் நம்பர் எல்லாம் ஓடியது. நாலாவது பாராவில் நின்றது.

“‘மேற்படி என்ஜினில் அசாதாரணமான ஒலி எழுகிறது’ன்னு போடலாமா சார்?” என்றார் ஜூனியர்.

“அசாதாரணம்னா எப்படின்னு எதிர்த்தரப்பு கேக்கும்மா” என்றார் வக்கீல். என் பக்கம் திரும்பினார். திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

போட்டேன். ஜூனியர் கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு யோசித்தார். “டொக்குக்கு அப்புறம் கமாவா, கேப் விடணுமா சார்?”

பக்கத்து அறைக் குமாஸ்தா எட்டிப் பார்த்து, “சைலன்சர் பேக்கிங்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில், சத்தம் எப்படி வருகிறது என்பதை நானோ எதிராளியோ சொல்ல வேண்டாம், தகுதியுள்ள ஓர் என்ஜினியரிடம் பிரித்துக் காட்டி அறிக்கை வாங்கிவிடலாம் என்று முடிவாயிற்று. சட்டப்படி வழக்கை மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும், பொருளைச் சோதனைக்கு அனுப்பினால் ஐந்து. இரண்டு மாதம் கூடினால் பரவாயில்லை. இனி யாருக்கும் சத்தம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை என்ற நினைப்பே எனக்குப் பாதி ஜெயித்த மாதிரி இருந்தது.

அறிக்கைக்கு மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும். திங்கள்கிழமை காலை ரெக்கவரி வண்டிக்காரர் வீட்டுக்கு வந்தார். காரைச் சுற்றி வந்து, குனிந்து வயிற்றைப் பார்த்து, பானெட்டில் கையை வைத்தார். நான் முந்திக்கொண்டேன்.

“சத்தத்தைப் பத்தி ஒண்ணும் கேக்கக்கூடாது. வாடகையை மட்டும் சொல்லுங்க.”

சொன்னார். மதுரைக்குப் போகவர, தாழ்ந்த வண்டி என்பதால் ஏற்றக் கூடுதல், இறக்கக் கூடுதல். தொகையைக் கேட்டதும் என் தொண்டையிலிருந்து என்னையறியாமல் ஒரு சத்தம் வந்தது.

அவர் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார். “இது பேரிங் இல்ல அண்ணாச்சி. ஹெட் கேஸ்கெட்.”