தட்டிப் போட்டால் ஓடும்

எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் வயதுபோய்ச் சாவதில்லை, நான் சாகவிடுவதில்லை. குடைக்குக் கம்பி மாற்றுவேன், செருப்புக்கு வார் தைப்பேன், மோட்டார் சைக்கிளின் எயார் பில்ரரை உடுப்புத் தோய்க்கிற கல்லில் தட்டுவேன். வேலணையிலிருந்து பண்ணைப் பாலம் தாண்டினால் யாழ்ப்பாணத்தில் புதுப் பில்ரர் கிடைக்கும். பெரிய விலையும் இல்லை. ஆனால் காற்று சும்மா வருகிறது. சும்மா வருவதை வடிகட்ட ஏன் காசு என்பது என் சித்தாந்தம்.

"இஞ்சேருங்கோ, பில்ரரிலை இருக்கிற புழுதி முழுக்க என்ர வெள்ளைச் சீலையிலை" என்று மனைவி சத்தம் போடும்போது எனக்கு உள்ளூரப் பெருமைதான். பார், எவ்வளவு சுத்தமாகத் தட்டியிருக்கிறேன்!

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் அடித்தோமே, அப்போது ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு வைத்தேன். ஒரு லீற்றர் பெற்றோல் எரிய ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று வேண்டும். அதாவது கிணற்றடியில் நிற்கிற ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கியில் ஒன்பது தாங்கிக் காற்று. வாரத்துக்கு 36,000 லீற்றர். அதற்கு யாரும் கியூஆர் கேட்கவில்லை, நானும் கணக்கு வைக்கவில்லை. அடைத்த பில்ரரால் காற்றுக் குறைந்து, காபரேற்றர் பெற்றோலைக் கூடக் குடித்து, சைலன்சரால் கறுப்புப் புகை தள்ளியபோது, "கலப்படப் பெற்றோல்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

இந்தக் குணம் எனக்குத் தானாக வந்ததல்ல என்று சாட்டுச் சொல்ல ஒரு சரித்திரமும் இருக்கிறது. தொண்ணூறுகளில் இடம்பெயர்ந்து வலிகாமத்தில் இருந்தபோது, பொருளாதாரத் தடையில் பெற்றோல் மருந்துபோல. எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் முதல் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் வரை மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலிலிருந்து சில சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றர் வாயில் விட்டு உதைக்க வேண்டும். எஞ்சின் சூடேறினால் பிறகு மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு உதைக்கும் பில்ரரைக் கழற்றிப் பூட்ட யாருக்குப் பொறுமை? நான் கழற்றினதோடு சரி. எயார் பில்ரர் என்பது பெற்றோல் விடுவதற்குக் குறுக்கே நிற்கிற ஒரு சாமான் என்ற எண்ணம் அன்றைக்கு மண்டையில் ஏறியது. 2002 இல் ஏ9 பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்த பிறகும் இறங்கவில்லை.

போதாததற்கு எங்கேயோ படித்த அரைகுறை அறிவு வேறு. கடதாசிப் பில்ரரில் கொஞ்சம் தூசி படிந்தால், அந்தத் தூசியே நுண்ணிய தூசியை மறித்து, புதியதைவிட நன்றாக வடிக்குமாம். உண்மைதான், ஒரு அளவு வரைக்கும். அந்த 'அளவு வரைக்கும்' என்பதை மட்டும் நான் மனைவியிடம் சொல்லவில்லை.

கராஜ் தம்பி ஒருநாள் என் பில்ரரைக் கழற்றி வானத்தைப் பார்க்கப் பிடித்தார். "அண்ணை, வெளிச்சம் தெரியுதோ எண்டுதான் பாக்கிறது. உங்கடையிலை வெயிலே வருது." மடிப்புக்குள்ளே விரல் நுழைகிற கிழிசல், தட்டித் தட்டி நான் வளர்த்தது. கடதாசியைத் தட்டவும் கூடாதாம், கழுவவும் கூடாதாம். ஊதுவதென்றால் உள்ளிருந்து வெளியே, மெல்ல. ஸ்பொஞ்ச் பில்ரர்தான் சவர்க்காரத்தில் கழுவி, முறுக்காமல் பிழிந்து, காயவைத்து, துளி ஒயில் பூசுகிற சாதி. கிழிசலால் நுழைந்த மணல் எஞ்சின் ஒயிலோடு சேர்ந்து சிலிண்டர்ச் சுவரை அராவுமாம். கறுப்புப் புகை என்றால் பில்ரர் அடைப்பு, நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயிலைக் குடிக்கிறது. என்னுடையது எந்த நிறம் என்று அவர் கேட்கவில்லை. கராஜ் வாசலில் அது தெரிந்துகொண்டே இருந்தது.

நெடுந்தீவில் மாமாவிடம் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் இருக்கிறது. குறிகட்டுவானில் வள்ளம் ஏறிச் சோளகக் காற்றில் குடல் கலங்கப் போய் இறங்கினால், முருகைக்கல் ரோட்டு வெள்ளைப் புழுதியோடு வரவேற்கும். பிறகு ஒருநாள் நான் போனபோது மனுசன் ஒயில்பாத் பில்ரரின் கிண்ணத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே வருகிற காற்று ஒயிலுக்கு மேலே சட்டென்று திரும்ப வேண்டும். பாரமான தூசியால் திரும்ப முடியாமல் ஒயிலில் விழுந்துவிடும். கிண்ணத்தின் அடியில் விரற்கடை தடிப்பில் சாம்பல் நிறச் சேறு. அதைச் சுரண்டி எறிந்து, கம்பி வலையை மண்ணெண்ணெயில் அலசி, புது ஒயிலைக் கோட்டுமட்டத்துக்கு விட்டார். ஒரு சொட்டும் கூடவில்லை. கூடினால் எஞ்சின் உறிஞ்சிவிடுமாம்.

"தம்பி, உம்மடை எப்ப மாத்தினது?"

"இன்னும் பன்னிரண்டாயிரம் கிலோமீற்றர் ஓடேல்லை, மாமா. புத்தகத்திலை அப்பிடித்தான் கிடக்கு."

"இந்தத் தீவின்ரை நீளம் எட்டுக் கிலோமீற்றர். பன்னிரண்டாயிரம் ஓட எனக்கு எத்தினை பிறவி வேணும்? புழுதியைப் பாத்து மாத்தும்."

புத்தகத்திலும் புழுதி ரோட்டென்றால் முந்தி மாற்று என்று ஒரு வரி இருந்தது. என் கிலோமீற்றர் முள் அசையாமல் நின்று பல காலம் என்பதை நான் மாமாவிடம் சொல்லவில்லை.

திரும்பியதும் புதுப் பில்ரர் போட்டேன். கறுப்புப் புகை நின்றது, நீலப் புகை நிற்கவில்லை. பிஸ்ரன் ரிங் தேய்ந்துவிட்டது, சிலிண்டரும் போர் அடிக்க வேண்டும் என்று கராஜ் தம்பி ஒரு தொகையைத் துண்டில் எழுதித் தந்தார். அந்தக் காசுக்கு எத்தனை பில்ரர் வாங்கியிருக்கலாம் என்று மனைவி துண்டைத் திருப்பி, பின்பக்கத்தில் வகுத்துப் பார்க்கத் தொடங்கினாள். நான் தம்பியை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன்:

"அந்த ரிங்கை மண்ணெண்ணெயிலை கழுவிப்போட்டுப் பூட்டேலாதோ?"