சுத்தியலை உள்ளே விடாதீர்கள்!

கேள்வி: கையில் 40,000 ரூபாய்தான் இருக்கிறது. பழைய சமையலறையைப் புதுப்பிக்க முடியுமா? (வாசகி, தேனி)

பதில்: தாராளமாக முடியும், சுத்தியலை மட்டும் உள்ளே விடாவிட்டால்! சிங்க்கை இடம் மாற்றினால் குழாய், டைல்ஸ், கொத்தனார் கூலி என்று பாதிப் பணம் சுவருக்குள் போய்விடும். மேடைக்குக் கீழே கடப்பா கல் தட்டுகள் இருக்கின்றனவா? கரையான்கூடத் தொடாத சொத்து அது. அலுமினியச் சட்டத்தில் பிவிசி கதவு போட்டால் போதும். சிங்க்குக்குக் கீழே பிளைவுட்தான் வேண்டுமென்றால் ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். சாதாரணப் பலகை தண்ணீர் பட்டால் அப்பளமாய் உப்பிவிடும். டைல்ஸ் இடுக்கில் கறுத்த சிமென்ட்டைச் சுரண்டிவிட்டு எபாக்ஸி பூசுங்கள், மஞ்சள் கறை எளிதில் ஏறாது. பெயின்ட் அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்குங்கள். இத்தனை வருடம் தாளிப்புப் புகையில் இருமியவர் நீங்கள்தானே!