கண்ணை மூடினால் கடற்கரை

கண்ணை மூடிக் கடற்கரையைக் கற்பனை செய்தால் மனசு அமைதியாகும் என்கிறாரே டாக்டர், நிஜமா?

ஞாயிற்றுக்கிழமை மெரினாவைக் கற்பனை செய்யாதீர்கள், மனசுக்குள்ளும் பார்க்கிங் கிடைக்காது! பதிலுக்கு இதை நினைத்துப் பாருங்கள்: கீறிய மாங்காய், இடுக்கில் உப்பும் மிளகாய்த்தூளும், பல்லில் பட்டதும் ‘சுருக்’. எச்சில் ஊறுகிறதா? மாங்காய் எங்கே? அவ்வளவுதான் வித்தை.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்குதானே?

திருநின்றவூர் பூசலாரைக் கேளுங்கள். கையில் காசில்லை, மனசுக்குள்ளேயே கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார். காஞ்சியில் கல்லால் கோயில் கட்டி அதே நாளைக் குறித்திருந்த பல்லவ மன்னனைத்தான் தேதியை மாற்றிக்கொள்ளச் சொன்னாராம் சிவன். பெரியபுராணக் கதை. காண்ட்ராக்டர் தகராறே இல்லாமல் முடிந்த கட்டடம் அது ஒன்றுதான்!

புற்றுநோயையே விரட்டுமாமே?

வெள்ளை அணுக்கள் புற்றணுக்களை விழுங்குவதாகக் கற்பனை செய்யச் சொன்னவர் அமெரிக்கக் கதிர்வீச்சு மருத்துவர் கார்ல் சைமன்டன். 1970களில் பரபரப்பு. பதற்றமும் வலியும் சிலருக்குத் தணியலாம். கட்டி கரையும் என்பதற்குச் சான்றில்லை. கண்ணை மூடுங்கள், கீமோ தேதியை மட்டும் மறக்காதீர்கள்.

எனக்குக் கண்ணை மூடினால் இஎம்ஐதான் தெரிகிறது. என்ன செய்ய?

திறந்துவிடுங்கள்! ஜன்னல் வழியே மரம் தெரிகிறதா? பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை முடிந்தவர்களை ஒப்பிட்டு, 1984இல் ரோஜர் உல்ரிச் எழுதினார்: செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிட மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டது.