உடைக்கலாம், புளிக்க வைக்கலாமா?

கேழ்வரகு மால்ட் பற்றி இரண்டு வரி எழுதினாலும் எழுதினேன், தபால் பையில் பாதி தானியம் அரைப்பதைப் பற்றியே வந்திருக்கிறது. அடுப்படிக் கேள்விகளும் உண்டு, அடக்க முடியாத கேள்விகளும் உண்டு.

கேள்வி: சொந்த ஊர் கீழச்சிவல்பட்டி, வேலை சிங்கப்பூரில். வீட்டிலேயே பீர் செய்து பழகியிருக்கிறேன். முழு மால்ட்டாக வாங்கி நானே உடைக்க ஆசை. ரோலர் மில் விலை மலைக்க வைக்கிறது. ஊரில் அப்பத்தாவின் திருகை சும்மாதான் கிடக்கிறது. கொண்டுவந்து உடைக்கலாமா?
— ஒரு பேரன், சிங்கப்பூர்

பதில்: இரண்டு கல்லையும் பெட்டியில் வைத்துவிட்டால் சீடைக்கும் மாவுருண்டைக்கும் இடம் இருக்காது. எது முக்கியம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

சட்டத்தில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. சிங்கப்பூர் 2004-இலேயே வீட்டில் பீர் செய்வதை அனுமதித்துவிட்டது. ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர், அதுவும் சொந்த உபயோகத்துக்கு. பக்கத்து வீட்டுக்காரர் காசு நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

சிக்கல் கல்லில்தான். மால்ட் என்பது முளைகட்டி, சூட்டில் உலர்த்திய பார்லி. நெல்லைப் போலவே அதற்கும் உமி உண்டு. உடைக்கும்போது உள்ளே இருக்கும் பருப்பு நாலைந்து துண்டாக உடைய வேண்டும். உமி மட்டும் கிழியாமல் முழுசாகக் கிடக்க வேண்டும். காரணம் இருக்கிறது. உடைத்த மால்ட்டை 65 முதல் 68 டிகிரி வரை சூடான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வைக்கிறீர்கள். அதிலிருந்து வரும் இனிப்புச் சாறு, அடியில் படியும் உமி வழியாகத்தான் வடிந்தாக வேண்டும். உமி தூளாகிவிட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பிறகு பாத்திரத்தில் இருப்பது களி. அதைக் குடிக்க முடியாது, கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிடவும் முடியாது.

ரோலர் மில்லில் இரண்டு உருளைகள், நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. தானியம் அதில் நசுங்கி உடைகிறது. திருகை நசுக்குவதில்லை, தேய்க்கிறது. தேய்த்தால் உமி கிழியும்.

ஆனாலும் கல்லைத் தள்ளிவிட வேண்டாம். அதே திருகையில் உங்கள் அப்பத்தா ஒரு நாள் உளுந்தை இரண்டாக உடைத்திருப்பார்கள், மறுநாள் ரவை உடைத்திருப்பார்கள், அடுத்த நாள் மாவே திரித்திருப்பார்கள். வித்தை கையில் இருந்தது. குழியில் நிறையப் போட்டுச் சுற்றினால் குருணையாக விழும். கொஞ்சமாகப் போட்டு நிதானமாகச் சுற்றினால் மாவாகும். நடு முளையில் ஒரு துணி வளையம் செருகினால் மேல்கல் சற்றுத் தூக்கி நிற்கும். உங்களுக்கு வேண்டியது அந்தக் குருணைப் பதம்.

இன்னொரு உபாயமும் உண்டு, பெரிய பீர் ஆலைகளே கையாள்வது. உடைப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு, ஐந்து கிலோ மால்ட்டுக்கு 100 மில்லி தண்ணீர் தெளித்துப் பிசிறி வையுங்கள். உமி மட்டும் பதப்பட்டு வளைந்து கொடுக்கும்; உள்ளே காய்ந்தபடியே இருக்கும். மாவு கல்லில் அப்பிக்கொண்டால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். இருபது லிட்டர் பீருக்கு நாலைந்து கிலோ போதும், தோள்பட்டை தாங்கும்.

நீங்களே உடைக்க நினைத்தது சரியான யோசனை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடைக்காத மால்ட் காற்றுப் புகாத டப்பாவில் மாதக்கணக்கில் கெடாது. உடைத்ததோ, உங்கள் ஊர் ஈரக்காற்றில் சில வாரங்களில் வாசனையை இழந்துவிடும். பீர் புளிக்கும் அறையில் மட்டும் உடைக்காதீர்கள். அந்தத் தூசியில் லாக்டிக் பாக்டீரியா இருக்கிறது. இட்லி மாவுக்கு அது வேண்டப்பட்ட விருந்தாளி, பீரில் விழுந்தால் மோர் வாசனை வரும்.

கேள்வி: மிக்ஸியில் இரண்டு சுற்று சுற்றினால் ஆகாதா?
— ஒரு அவசரக்காரர், திருப்பத்தூர்

பதில்: ஆகும். பாதி தூளாகும், மீதி முழுசாகவே உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

கேள்வி: சிங்கப்பூரில் செய்யலாம் என்றால் கீழச்சிவல்பட்டியில் ஏன் கூடாது? விற்கப் போவதில்லை, வளவில் உட்கார்ந்து நானும் என் பங்காளியும் குடிக்கப் போகிறோம். அவ்வளவுதான்.
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்

பதில்: பெயர் வேண்டாம் என்றபோதே பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் இருப்பது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். சென்னை மாகாணத்தில் ராஜாஜி ஆட்சிக்கு வந்ததும் கொண்டுவந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி முதலில் சேலம் மாவட்டத்தில் அமலானது. 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள், பிறகு திரும்பக் கொண்டுவந்தார்கள், 1981-இல் மறுபடி தளர்த்தினார்கள். 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் சில்லறைக் கடையும் அதன் கைக்கு வந்தது. இத்தனை மாற்றத்திலும் மாறாத ஒன்று, உரிமம் இல்லாமல் மது செய்யக் கூடாது என்பது. செய்தால் சிறை, அபராதம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு தண்டனைகள் இன்னும் கடுமையாகிவிட்டன. அங்கே கொன்றது மெத்தனால். தானியத்தைப் புளிக்க வைத்துச் செய்யும் பீர் வேறு சங்கதி. ஆனால் உங்கள் வீட்டுக்கு வரும் காவலர் வேதியியல் பேச வரமாட்டார்.

அரசே கடை வைத்து விற்கும் பொருளை வீட்டில் செய்தால் குற்றமா என்று கேட்கிறீர்கள். உப்புக்கும் இப்படி ஒரு சட்டம் இருந்தது. அதை மீறுவதற்காக 1930-இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவரும் இதே ராஜாஜிதான். பீருக்கு நடக்க இதுவரை யாரும் கிளம்பவில்லை. என் கட்சி இதுதான்: சிங்கப்பூரைப் போல ஓர் அளவு வைத்து, விற்பனையை மட்டும் தடுத்தால் குடி முழுகிவிடாது. அப்படிச் சட்டம் மாறும்வரை வளவில் பங்காளியோடு மோர் குடியுங்கள்.

கேள்வி: பார்லி, பீர் எல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம். நம் முன்னோருக்கு இதெல்லாம் தெரியுமா?
— தமிழாசிரியர் (ஓய்வு), பொன்னமராவதி

பதில்: ஐயா, நீங்கள் பாடம் நடத்தியதையே என்னிடம் கேட்கிறீர்கள். பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் ஒரு செய்முறையே கொடுத்திருக்கிறார். அரிசியைக் கூழாக்கி, அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் ஆற வைத்து, நெல்முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அரித்துப் பிழிந்து எடுக்க வேண்டும். கூடவே சுட்ட மீன். அதே பாட்டில் வீட்டில் சமைத்த தோப்பியும் வருகிறது.

அந்த நெல்முளைதான் விஷயம். சும்மா அரிசிக்கூழை வைத்தால் வெறும் பழையதுதான் கிடைக்கும். தானியம் முளைவிடும்போது, மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டிப்போடும் நொதியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஜெர்மன்காரர் பார்லி முளையில் செய்வதை உருத்திரங்கண்ணனார் நெல்முளையில் காட்டியிருக்கிறார். பவேரியாவில் பீருக்கு பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறு எதுவும் போடக் கூடாது என்று சட்டம் போட்டது 1516-இல். நாகாலாந்தில் இன்றும் முளைநெல்லை இடித்துச் சேர்த்துத்தான் ஜுத்தோ என்ற அரிசி பீரைச் செய்கிறார்கள். அங்கே அரைப்பது உரலும் உலக்கையும். ரோலர் மில் யாரும் வாங்கியதாகத் தெரியவில்லை.

கேள்வி: அப்படியானால் கவுனி அரிசியில் பீர் செய்தால் நிறம் அள்ளுமே?
— கலைரசிகர், காரைக்குடி

பதில்: அள்ளும். ஆனால் உமி நீக்கி, முளைக்கருவும் அடிபட்டு வந்த அரிசி முளைக்காது. முளைக்காததில் நொதி இராது. அரிசியைக் குழைய வேகவைத்து, வேறு தானியத்தின் முளையைக் கடன் வாங்க வேண்டும். கவுனிக்குச் சர்க்கரையும் நெய்யும் தேங்காய்த்துருவலும் போதாதா? எதையும் விட்டுவைக்க மாட்டீர்களா?

கேள்வி: ரைஸ் மில் வாசலில் மலையாகக் கிடக்கும் உமிக்கு ஏதாவது மதிப்பு உண்டா?
— ஒரு கணக்குப்பிள்ளை, திருமயம்

பதில்: நாம் பல் தேய்த்தோம், சூளையில் எரித்தோம். அமெரிக்காவில் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். கோதுமைக்கு உமி ஒட்டாது. கோதுமை பீர் செய்பவர் வடிகட்டுவதற்கு நெல்லுமியைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறார். அந்த நாட்டிலும் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டுப் பீர் மத்தியச் சட்டப்படி செல்லுபடியானது. உங்கள் கணக்கு நோட்டில் ஏற்றுமதி என்று ஒரு தலைப்புப் போட்டு வையுங்கள்.

கேள்வி: பேத்திக்குக் கேழ்வரகு முளைகட்டி மாவு மில்லில் கொடுத்தேன். சுடச்சுட வருகிறது. சத்தெல்லாம் போயிருக்குமா? போன தடவை லேசாகக் காரம் வேறு அடித்தது.
— ஒரு ஆச்சி, கீழச்சிவல்பட்டி

பதில்: காரத்துக்குக் காரணம் எளிது ஆச்சி, உங்களுக்கு முன்னால் யாரோ மிளகாய் வற்றல் திரித்திருக்கிறார்கள். காலையில் முதல் ஆளாய்ப் போங்கள், அல்லது ஒரு பிடி அரிசியை முதலில் போட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

சூட்டால் பெரிய நட்டமில்லை. ஆனால் சூடு ஆறுமுன் டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். காகிதத்தில் பரப்பி ஆறவிடுங்கள். அதைவிட முக்கியம் வறுப்பது. ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் நிழலில் உலர்த்தி, வாணலியில் வாசனை வரும்வரை லேசாகப் புரட்டினால் போதும். கருகக் கருக வறுத்தால் நொதி செத்துப்போகும்.

அந்த நொதி உயிரோடு இருந்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு கரண்டி முளைமாவைக் கலக்குங்கள். சற்று நேரத்தில் கஞ்சி நீர்த்து ஓடும், இனிப்பும் தட்டும். குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றாமலே கஞ்சி இளகிவிடுகிறது; சின்ன வயிற்றுக்குள் கூடுதல் சத்துப் போகிறது. மறுபடி ஒரு கொதி விட்டு, ஆற வைத்துக் கொடுங்கள். பீர் பானையில் நடப்பதும் இதேதான், ஈஸ்ட் மட்டும் இங்கே இல்லை. பேத்தியைப் பிடிக்க எந்தச் சட்டமும் வராது.

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்காரர் எங்கள் வீட்டுத் திருகையைக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
— வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர், சென்னை

பதில்: கொடுத்தால் ஏதாவது ஓட்டல் வரவேற்பறையில் மேலே பூச்செடி வைப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு படி உளுந்தைப் போட்டுச் சுற்றிப் பாருங்கள். வழவழத்துப் போயிருந்தால் அம்மி கொத்துகிறவரைக் கூப்பிட்டுக் கொத்தச் சொல்லுங்கள், கூலியில் பேரம் பேசாதீர்கள். முதலில் திரிப்பதைக் கீழே கொட்டிவிடுங்கள், கல் துகள் இருக்கும். இரண்டாவது ஈடு சுத்தமாக விழுந்தால், அந்தத் திருகை விற்பனைக்கு இல்லை.