தொலிக்கட்டி

தாயையும் தகப்பனையும் கொன்றவன் கூண்டில் ஏறி, “நான் அநாதை, கருணை காட்டுங்கள்” என்று நீதிபதியிடம் கெஞ்சினானாம். ‘ஹுட்ஸ்பா’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இதுதான் ஆஸ்தான விளக்கம். 1968இல் யித்திஷ் சொற்களைப் பற்றி லியோ ராஸ்டன் எழுதிய நூல் இதைப் பரப்பியது. எபிரேயத்தில் பச்சை வசவு. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் வழியாக அமெரிக்கா வந்து சேர்ந்ததும் அதில் பாதி பாராட்டாகிவிட்டது. 1998இல் நீதிபதி ஸ்காலியாவின் பேனா வழியாக அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குள்ளும் நுழைந்தது.

முதல் ஒலியைத் தொண்டையைக் காறிச் சொல்ல வேண்டும். 2011இல் ஒபாமாவைத் திட்டக் கிளம்பிய குடியரசுக் கட்சியின் மிஷேல் பாக்மன் ‘சூட்ஸ்பா’ என்றார். தெரியாத சொல்லை டிவியில் அத்தனை அழுத்தமாகச் சொல்லவும் அதே சரக்கு வேண்டும்.

கொச்சியின் மட்டாஞ்சேரி யூதர்கள் வீட்டில் பேசியது மலையாளம். அதில் ஹுட்ஸ்பாவைத் ‘தொலிக்கட்டி’ என்பார்கள், தோல் தடிப்பு. 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தின் தரையில் நீலக்கோலமிட்ட சீன ஓடுகள் இருக்கின்றன. அவை ராஜாவின் அரண்மனைக்கு வந்தவை என்றும், “இதில் மாட்டு ரத்தம் கலந்திருக்கிறது” என்று யூத வியாபாரி ஒருவர் காதில் போட்டதும் ராஜா பதறிப்போய் அவரிடமே தள்ளிவிட்டார் என்றும் ஊரில் ஒரு கதை உண்டு. ஆதாரம் கேட்காதீர்கள். பந்தியில் பாயசத்துக்கு யாராவது ரசீது கேட்பார்களா?

அதே ஆலயத்து ஏ.பி. சேலம் விஷயம் கதையல்ல. சேலத்துக்காரரும் அல்ல, பெயரே சேலம். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குடும்பம். ஆலயத்தில் அவர்களுக்குப் பெஞ்சு கிடையாது, தோரா வாசிக்கும் உரிமையும் கிடையாது. வக்கீலாகி, கொச்சி சட்டசபைக்கும் போன மனிதர் தன் ஆலயத்தில் மட்டும் உட்காரக் கூடாது! அவர் காந்தி வழியில் ஆலயத்தையே எதிர்த்துச் சத்தியாக்கிரகம் செய்தார். பெஞ்சில் இருந்த ‘வெள்ளை யூதர்’களுக்கு அது திமிர். மற்றவர்களுக்கு அவர் ‘யூத காந்தி’. தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆனாலும் 1950இல் அவர் மகன் ‘வெள்ளை யூத’க் குடும்பத்துப் பெண்ணை மணக்க பம்பாய்க்குத்தான் போக வேண்டியிருந்தது. இந்தச் சொல்லின் பாராட்டுப் பாதியை யாருக்காவது கொடுப்பதென்றால் முதலில் இவருக்குத்தான்.

மீதிப் பாதிக்கு மலையாளிகள் சொந்தமாகவே ஒரு சொல் செய்துகொண்டார்கள். 2017 ஜூன் 17 அன்று கொச்சியின் ஆலுவா–பாலாரிவட்டம் மெட்ரோ ரயிலைப் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். முதல் பயணத்தில் அவரோடு ஆளுநராக இருந்த நம் சதாசிவம், முதல்வர் பினராயி விஜயன், மெட்ரோ ஸ்ரீதரன். கூடவே, எம்.எல்.ஏ.வோ எம்.பி.யோ அல்லாத மாநில பா.ஜ.க. தலைவர் கும்மனம் ராஜசேகரன். போட்டோ வெளியானதுதான் தாமதம், கூப்பிடாத இடத்தில் போய் உட்காருவதற்குக் ‘கும்மனடி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிரதமர் அலுவலகப் பட்டியலில் தன் பெயர் இருந்தது என்று அவர் விளக்கினார். யார் கேட்டார்கள்?

மறு ஆண்டு அவரே மிசோரம் ஆளுநரானார். இந்த முறை குடியரசுத் தலைவரின் ஆணை கையில் இருந்தது.