பம்பருக்குப் பாதி விலைதானா?

கேள்வி: பைபாஸில் என் கார் தடுப்புச்சுவரில் மோதியது. பம்பர் விலையில் பாதிதான் தருவோம் என்கிறது இன்சூரன்ஸ் கம்பெனி. பிரீமியத்தை மட்டும் முழுசாக வாங்கினார்களே?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: கோபம் நியாயமானது. ஆனால் பம்பர் விஷயத்தில் கம்பெனி சொல்வது விதிப்படிதான். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். நேற்று ஷோரூமிலிருந்து வந்த காருக்கும் பம்பர் மட்டும் பாதிக் கிழவன்! கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது. ‘ஜீரோ டெப்’ என்ற கூடுதல் கவரைச் சேர்த்திருந்தால் இந்த வெட்டே விழாது; பாலிசியைத் தேடி எடுத்துப் பாருங்கள்.

அதற்கு மேலும் குறைத்திருந்தால் விடாதீர்கள். சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை நகலை எழுத்து மூலம் கேளுங்கள். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு வெட்டினார் என்பது அதில்தான் இருக்கும். போனில் கத்தினால் தொண்டைதான் தேயும், அதற்கு யாரும் கிளெய்ம் தரமாட்டார்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லையென்றாலோ, சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் புகார் தரலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அதுவரை ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.