ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் உரிமையாளராக இருப்பவரின் விண்ணப்பம்

அனுப்புநர்: ஆர்.சி. புத்தகத்தில் ‘உரிமையாளர்’ என்று அச்சாகியிருக்கும் நபர்.

பெறுநர்: இந்தியாவில் கார் விற்கும் நிறுவனங்களின் தலைமை அலுவலகங்கள், மென்பொருள் பூட்டுப் பிரிவு.

பொருள்: டீலர் மென்பொருளை வெளி மெக்கானிக்கின் கண்ணில் படாமல் காத்துவருவதற்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: இந்தியப் போட்டி ஆணையத்தின் 25.08.2014 நாளிட்ட உத்தரவு.

ஐயன்மீர்,

எங்கள் உயிர்மீது தாங்கள் வைத்திருக்கும் அக்கறைக்கு முதலில் நன்றி. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் ஒன்றை வைத்துவிட்டு, அதில் யார் பேசலாம், யார் கேட்டுக்கொள்ள மட்டும் செய்யலாம் என்பதையும் தாங்களே முடிவு செய்திருக்கிறீர்கள். தெருமுனை மெக்கானிக் தன் ஸ்கேனரைச் செருகி, ‘செக் எஞ்சின்’ விளக்கு ஏன் எரிகிறது என்று கோளாறு எண்ணைப் படித்துக்கொள்ளலாம். வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியான மாட்யூலுக்குள் ஏதாவது எழுத வேண்டும் என்றால் பெரும்பாலும் உங்கள் மென்பொருள், உங்கள் சர்வர், உங்கள் லாகின். எழுதும் தேவை எப்போதோ ஒருமுறைதான் வரும் என்று நினைப்பவர்கள் இன்னும் அம்பாசிடர் காலத்தில் இருக்கிறார்கள். காமன் ரெயில் டீசல் எஞ்சின்கள் பலவற்றில் இஞ்செக்டர் மாற்றினால் அதன் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டை எஞ்சினை ஆளும் கணினியான ஈசியுவுக்குள் பதிய வேண்டும். ஒவ்வொரு இஞ்செக்டரும் மயிரிழை வேறுபட்டுத்தான் தெளிக்கும், அதைச் சரிக்கட்டும் கணக்கு அந்தக் குறியீட்டில் இருக்கிறது. நகர நெரிசலிலேயே ஓடிய பிஎஸ்-6 டீசல் வண்டியின் புகை வடிகட்டியான டிபிஎஃப்பில் கரி அடைத்துக்கொண்டால், அதை எரித்துத் தள்ளும்படி கட்டளை கொடுக்க வேண்டும். பாடி கண்ட்ரோல் மாட்யூலில் தண்ணீர் புகுந்துவிட்டால் (சென்னை மழைக்காலத்தில் இது அதிசயமல்ல), புதிதாக மாட்டும் பெட்டிக்கு அது எந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறது, அந்த வண்டியில் என்னென்ன வசதி உண்டு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். ஸ்பேனர் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். மீதிப் பொழுது அனுமதிக்குக் காத்திருப்பதில் போகும்.

இப்படிப்பட்ட அக்கறையிலும் குறை கண்டவர்கள் உண்டு. 2011-இல் ஒரு நுகர்வோர் கொடுத்த புகாரைப் பிடித்துக்கொண்டு போட்டி ஆணையம் விசாரிக்கத் தொடங்கியது. மூன்று நிறுவனங்கள் மீது வந்த புகார் வளர்ந்து வளர்ந்து, 2014 ஆகஸ்டில் 14 நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ.2,544 கோடி அபராதமாக முடிந்தது. ஸ்பேர் பார்ட்ஸையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்பது ஆணையத்தின் முடிவு. கருவிகளைச் சந்தையில் கிடைக்கச் செய்யுங்கள், வெளியே ரிப்பேர் பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யாதீர்கள் என்று உத்தரவிலேயே எழுதியும் வைத்தது. விசாரணையைத் தன் பக்கம் நீட்ட ஆணையத்துக்கு அதிகாரமே இல்லை என்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் செய்யும் ஹூண்டாய் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. 2015 ஜூலையில் அதற்குத் தனியாக ரூ.420 கோடி அபராதம். டொயோட்டா, ஃபோர்டு, நிஸான் மூன்றும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயின. 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் குற்றம் குற்றமே என்று சொல்லி, அபராதத்தைக் கணக்கிடும் முறையை மட்டும் மாற்றியது. கார் சர்வீஸுக்கு வாய்தா தராத நீங்கள், வழக்கு சர்வீஸுக்கு எத்தனை வாய்தா வாங்கினீர்கள் என்று இங்கே எண்ணப் போவதில்லை.

அந்த வழக்கில் உங்கள் தரப்பு வாதங்களில் என் மனதைக் கவர்ந்தது ஒன்று. கார் விற்பனையையும் பிற்பாடு செய்யும் சர்வீஸையும் தனித்தனிச் சந்தையாகப் பார்க்கக் கூடாது, வாங்குகிறவர் இரண்டையும் ஒன்றாகக் கணக்குப் போட்டுத்தான் வாங்குகிறார் என்றீர்கள். அதாவது ஷோரூமில் சன்ரூஃபை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத் தலைவர், எட்டாம் வருடம் ஏபிஎஸ் மாட்யூல் பழுதானால் அதைக் கோடிங் செய்ய எவ்வளவு ஆகும் என்று மனக்கணக்குப் போட்ட பிறகுதான் செக்கில் கையெழுத்துப் போடுகிறார். இந்தியக் கணித மரபின் மேல் இவ்வளவு மதிப்பு வைத்தவர்கள் வேறு யாரும் இல்லை. ஆணையம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆயுட்காலச் செலவைக் கணக்கிடத் தேவையான விவரத்தை வாங்குகிறவருக்கு யாருமே தருவதில்லை என்பது அதற்குப் புரிந்திருந்தது.

ஆனால் உங்கள் கனமான வாதம் அதுவல்ல, பாதுகாப்பு. பயிற்சி இல்லாத கை மாட்யூலைத் தொட்டால் ஆபத்து என்கிறீர்கள். இதைச் சிரித்துத் தள்ள மாட்டேன். மென்பொருளை ஏற்றிக்கொண்டிருக்கும் நடுவில் பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் மாட்யூல் செத்துப்போகும். ஏர்பேக் கண்ட்ரோலரில் தவறான அமைப்பை எழுதினால் மோதும் நேரத்தில்தான் தவறு வெளியே வரும். ஆகவே ஒரு பூட்டு வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பூட்டு எதைச் சோதிக்கிறது என்பதுதான் என் ஒரே கேள்வி. கையின் திறமையையா, கடையின் பெயர்ப்பலகையையா? அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் நேற்றுச் சேர்ந்த பையன் அந்த சென்டரின் லாகினில் உட்காரலாம். இருபது வருடம் அதே சென்டரில் தலைமை டெக்னீஷியனாக இருந்துவிட்டுத் தனியாகக் கடை போட்டவர், கடை திறந்த அன்று காலையிலிருந்து ஆபத்தானவர் ஆகிவிடுகிறார். அவர் கையில் இருந்த பயிற்சி ஒரே இரவில் எங்கே போனது என்று உங்கள் பாதுகாப்புப் பிரிவு ஆராய வேண்டும்.

இதே நிறுவனங்கள் அமெரிக்காவில் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்தால் குழப்பம் இன்னும் கூடுகிறது. அங்கே ஜே2534 என்று ஒரு பொதுத் தரநிலை இருக்கிறது. 2004 மாடலிலிருந்து, புகை தொடர்பான ஈசியுக்களையாவது பொதுவான இடைக்கருவி ஒன்றைக் கொண்டு யார் வேண்டுமானாலும் ரீப்ரோகிராம் செய்ய வழி விட்டாக வேண்டும். 2012-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பழுதுபார்க்கும் உரிமைக்கு மக்கள் வாக்கெடுப்பு நடந்து ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். 2014-இல் நிறுவனங்கள் நாடு முழுவதற்குமான உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இன்று அங்கே ஒரு சாதாரண ஒர்க்‌ஷாப், தொழிற்சாலை மென்பொருளை நாள் கணக்கிலோ ஒரு வண்டி எண்ணுக்கு என்றோ சந்தா கட்டி வாங்கிக்கொள்கிறது. ஓஹையோவில் ஆபத்தில்லாத மென்பொருள் ஒரகடத்தில் எப்படி ஆபத்தாகிறது? தட்பவெப்பநிலை காரணமாக இருக்கலாம்.

உங்கள் பூட்டு தப்பான கைகளைத் தடுக்கிறது என்றால்கூட ஒரு நியாயம் உண்டு. நடப்பது தலைகீழ். டீலர் மென்பொருளின் திருட்டுப் பிரதியை ஏற்றிய பழைய லேப்டாப், சீனாவில் செய்த நகல் இடைக்கருவி இரண்டும் இந்தச் சந்தையில் கிடைக்காத பொருளல்ல. காசு கொடுத்து முறையாக வாங்கத் தயாராக இருப்பவருக்குக் கதவு மூடியிருக்கிறது, திருட்டுப் பிரதி வாங்கத் துணிந்தவருக்குக் கதவே இல்லை. அந்தப் பிரதி எத்தனை வருடம் பழையதோ, எந்தக் கோப்பை எந்த மாட்யூலில் ஏற்றுமோ, அதற்கு யாரும் பொறுப்பில்லை; யார் எழுதினார்கள் என்ற பதிவும் எங்கும் விழாது. பயிற்சியற்ற கை ஆபத்து என்று சொல்லிப் போட்ட பூட்டு, அந்த ஆபத்தோடு காலாவதியான மென்பொருளின் ஆபத்தையும் சேர்த்துவிட்டது. பழைய கார் சந்தையில் ஓடோமீட்டரைப் பின்னுக்குத் திருப்பும் கலை இத்தனை பூட்டுக்கு அப்புறமும் செழிப்பாக இருக்கிறதே, அந்தக் கலைஞர்கள் உங்கள் லாகினுக்கு விண்ணப்பித்துவிட்டா காத்திருக்கிறார்கள்?

அடுத்தது ஹேக்கர் பயம். 2015 ஜூலையில் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியைத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அவர்கள் எந்த ஒர்க்‌ஷாப் வழியாகவும் வரவில்லை. நிறுவனமே வண்டிக்குள் வைத்த செல்பேசி இணைப்பு வழியாக வந்தார்கள். ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. எப்படி அழைத்தது என்பதுதான் ரசமான பகுதி. ஓனர்களுக்குத் தபாலில் யூஎஸ்பி அனுப்பி, நீங்களே செருகிப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்றது. செலவு நிறுவனத்தின் தலையில் விழும்போது ஓனரின் கைக்குத் திடீரென்று தகுதி வந்துவிடுகிறது. அதே குழுமம் பிறகு வண்டிக்குள் பாதுகாப்பு வாயில் ஒன்றைப் போட்டு, தன் சர்வரில் பதிந்து இணையத்தில் இணைந்தால்தான் முழு அணுகல் என்றது. சட்டத்தில் இல்லாத இப்படிப்பட்ட நிபந்தனையை வெளிப் பழுதுபார்ப்பவர்கள்மேல் சுமத்தக் கூடாது என்று 2023 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சாவி, இம்மொபைலைசர் விஷயம் மட்டும் வேறு. வண்டித் திருடனுக்கும் அந்த மென்பொருள்தான் வேண்டும் என்பதை மறுக்க மாட்டேன். அதற்கும் வழி கண்டுபிடித்தாகிவிட்டது. பின்னணி விசாரிக்கப்பட்டு, பெயரோடு பதிவு செய்துகொண்ட டெக்னீஷியன்களுக்கும் பூட்டுத் தொழிலாளர்களுக்கும் சாவிக் குறியீடு தரும் பதிவேடு ஒன்றை அமெரிக்காவில் நாஸ்டெஃப் என்ற லாப நோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. உங்கள் துறைக்காரர்களும் பழுதுபார்க்கும் துறையினரும் சேர்ந்து உட்காரும் அமைப்பு அது. பதிவேடு வேண்டும், ஆனால் அது விற்பவர் வீட்டு அலமாரியில் இருக்கக் கூடாது. ஐரோப்பிய நீதிமன்றம் தடுத்ததற்கும் நான் கேட்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

புகை பற்றிய கவலையைத் தொடாமல் விட்டால் உங்கள் மனம் புண்படும். ஓனர்கள் மென்பொருளைத் தொட அனுமதித்தால் புகைக் கட்டுப்பாட்டை முடக்கிவிடுவார்கள் என்று 2015 ஜூலையில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை தன் நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, மென்பொருள் பூட்டைத் திறக்க விதிவிலக்கு தராதீர்கள் என்றது. ஏறத்தாழ இரண்டே மாதம். செப்டம்பர் 18-ஆம் தேதி அதே முகமை ஃபோக்ஸ்வேகனுக்கு நோட்டீஸ் அனுப்பியது: சோதனை நடக்கும்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளை நிறுவனமே தொழிற்சாலையில் ஏற்றி அனுப்பியிருந்தது, உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி வண்டிகளில். இத்தனை வண்டிகளின் புகையைக் கெடுக்க எங்கள் தெருமுனை மெக்கானிக்குக்கு எத்தனை பிறவி வேண்டும்? ஈசியு ரீமேப் செய்து கரும்புகை விடுபவர்கள் நம்மூரிலும் உண்டு, பிடித்துத் தண்டிக்க வேண்டியவர்கள்தான். அதற்குப் புகைச் சோதனையும் மோட்டார் வாகனச் சட்டமும் இருக்கின்றன.

அப்படியானால் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் அடிக்கும் எச்சரிக்கை மணியை எல்லாரும் கோடிங் செய்து நிறுத்திவிடுவார்களே என்று கேட்பீர்கள். நிறுத்த ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சீட் பெல்ட் மணியை நிறுத்த ஆசைப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? மென்பொருள் பக்கமே போகவில்லை. பெல்ட் பூட்டில் செருகும் சின்ன உலோகக் கொக்கியை ஆன்லைனில் வாங்கினார்கள். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து விற்பனைத் தளங்களுக்கு உத்தரவு போட்டு, இப்படி 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. விதியை மீறுகிறவனைத் தடுக்க விதிதான் வேண்டும். அவனைக் காட்டி, இஞ்செக்டர் மாற்றிய ஆளைத் தண்டிப்பது வேறு.

கடைசியாக உரிமை. மென்பொருள் எங்களுடையது, வாங்கியவருக்கு வண்டி ஓடும் காலம் வரை ஓட்டிக்கொள்ளும் மறைமுக உரிமம்தான் என்று பொருள்பட டிராக்டர் செய்யும் ஜான் டியர் நிறுவனம் 2015-இல் எழுத்து மூலமாகவே அமெரிக்காவில் வாதிட்டது. வீட்டைப் பத்திரம் பதிந்து விற்றுவிட்டு, ஃபியூஸ் போனால் கட்டிய மேஸ்திரிதான் வந்து போட வேண்டும் என்பது போன்ற வாதம். அங்கே அது எடுபடவில்லை. அந்த ஆண்டே வாகன மென்பொருளைப் பழுதுபார்க்க விதிவிலக்கு கிடைத்தது. இங்கேயோ சட்டம் முன்பே கொஞ்சம் தாராளம். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு பூட்டை உடைத்தாயா என்று மட்டும் கேட்பதில்லை, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தாயா என்று கேட்கிறது. சொந்த வண்டியின் டிபிஎஃப்பைச் சுத்தம் செய்கிறவருக்கு அந்த நோக்கம் எங்கிருந்து வரும்? 2014 வழக்கிலும் அறிவுசார் சொத்துரிமை என்ற கேடயத்தை நீட்டிப் பார்த்தீர்கள், ஆணையம் ஏற்கவில்லை.

2022-இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று குழு அமைத்து, அதில் வாகனங்களையும் ஒரு துறையாகச் சேர்த்து, டிசம்பரில் இணையதளமும் திறந்தது. தளத்தில் எந்த சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்ற விவரம் ஏற்றுவது நல்ல காரியம். ஆனால் எங்களுக்கு வழி தெரியாமல் இல்லை, ஐயா. வழி தெரிந்துதான் வெளி மெக்கானிக்கிடம் போகிறோம். ஆகவே இந்த விண்ணப்பம் கண்டவுடன் தாங்கள் அமெரிக்க ஒர்க்‌ஷாப்புக்கு விற்கும் அதே மென்பொருளுக்கு, அதே சந்தா முறையில், கோயம்புத்தூர் ஒர்க்‌ஷாப்புக்கு என்ன விலை என்று ரூபாயில் எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். ஜிஎஸ்டி 18 விழுக்காடு தனி என்றால் அதையும் சேர்த்தே குறிப்பிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் உரிமத்தின்கீழ் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்
உரிமையாளர்